கிழட்டு ராஜாவுக்கு ஒரு ஜோடிக் கண்

அந்த அலுவலகத்தில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. வருகைப் பதிவேட்டில் இருந்தது. யார் வாயிலும் வருவதில்லை. பொம்மைப் படங்களுக்கு வேண்டிய ஆட்களைக் கணினியில் செய்து கொடுக்கும் இடம் அது. ஆளுக்கு ஓர் உறுப்பைப் பார்த்துக்கொண்டார்கள். பல் செய்கிறவர் பல்லு. முடி செய்கிறவள் முடி. தோலுக்கு நிறம் தீட்டுகிறவர் தோலு. கண் செய்கிறவளைக் கண்ணு என்றார்கள்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. ஐம்பதை நெருங்கிய பல்லு, "கண்ணு, கொஞ்சம் இங்க வாயேன்" என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி கூப்பிடுவார். புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் நாள் தலையைக் குனிந்துகொள்வார்கள். ஒரு முறை அவள் மறந்துவிட்டுப் போன கைப்பையைக் கொடுக்க வந்த கணவன், சரியாக அந்த நேரம் பார்த்து உள்ளே நுழைந்து, கைப்பையோடு வாசலிலேயே நின்றுவிட்டான். அன்று சாயங்காலம் வீட்டில் விளக்கம் சொல்ல அரை மணி நேரம் பிடித்தது.

"அப்ப அந்த இன்னொரு பொண்ணை எப்படிக் கூப்பிடுவாரு?"

"முடின்னு."

"மரியாதையாவா?"

"மரியாதையாத்தான்."

அவளுடைய வேலை இன்னதென்று வெளியாருக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. சொந்தக்காரர்கள் ரொம்ப நாளாக அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்கள். கணினியில் ஓர் ஆளைச் செய்யும்போது கண் என்பது முதலில் ஒரு வெள்ளைப் பந்து, அவ்வளவுதான். அந்தப் பந்தின் மேல் போர்த்துவதற்கு ஒரு படம் தீட்ட வேண்டும். டெக்ஸ்சர் என்பார்கள். கருவிழியில் நடுவிலிருந்து ஓரம்வரை ஓடும் மெல்லிய இழைகள், அதன் விளிம்பில் இருக்கும் இருட்டு வளையம், மூக்கோரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ரோஜா நிறச் சதை, கீழ் இமையில் தேங்கி நிற்கும் ஈரம், எல்லாம் அதில் வந்தாக வேண்டும். வெள்ளைவிழியை வெள்ளையாகத் தீட்டினால் காரியம் கெட்டது. அதில் கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் நீலம், நூல் நூலாய்ச் சிவப்பு எல்லாம் உண்டு.

கற்பனையிலிருந்து தீட்டினால் கடைப் பொம்மையின் கண்தான் வரும். ஆகவே அவள் போகிற இடமெல்லாம் ஆட்களின் கண்ணைக் கிட்டத்தில் படம் எடுத்துச் சேர்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கணினியில் நானூற்றுப் பன்னிரண்டு ஜோடிக் கண்கள் இருந்தன. அலுவலகத்துக்குத் தண்ணீர் கேன் போடுகிறவரின் கண் ஒரு கொள்ளைக்காரனுக்குப் போனது. அவளுடைய பல் டாக்டரின் கண் ஒரு தேவதைக்கு. கணவனின் கண் ஒரு குரங்குக்குப் போனது. அது அவனுக்கு இன்றுவரை தெரியாது.

இப்படிப்பட்டவளை ஒரு கிழட்டு ராஜா படுத்தி எடுத்துவிட்டார்.

படத்தில் அந்த ராஜா எந்நேரமும் தூங்கி வழிகிறவர். பாதிக் கண் தெரியாதவர். அரண்மனையில் ஆளாளுக்குத் திருடுகிறார்கள். ராஜாவுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருப்பார். படமே அந்தக் கண்ணில்தான் இருக்கிறது என்று இயக்குநர் சொல்லியிருந்தார். இயக்குநர் என்பவர் குட்டையாய், சுறுசுறுப்பாய் இருக்கும் ஓர் அம்மாள். திரைக்கு ஓரடி தூரத்தில் மூக்கை வைத்துத்தான் எதையும் பார்ப்பார். கண்ணு செய்து காட்டிய ஆறு ஜோடிகளையும் அப்படிப் பார்த்துத்தான் தள்ளினார்.

"அழகா இருக்கும்மா. நரம்பை எண்ணிடலாம் போல இருக்கு. ஆனா உள்ள ஆள் இல்லையே! வீட்டைப் பூட்டிட்டு வெளியூர் போயிட்ட மாதிரி இருக்கு."

"வயசு இன்னும் கூட்டட்டுமா மேடம்?"

"வயசு இல்லம்மா. கள்ளத்தனம் வேணும். இந்த மனுஷன் பாக்குறாரு. பாக்கலைன்னு நம்மள நம்ப வைக்கிறாரு. அது வேணும். மூணு வாரம் தர்றேன்."

கண்ணு நானூற்றுப் பன்னிரண்டு ஜோடியையும் புரட்டிப் பார்த்தாள். கொள்ளைக்காரன் இருந்தான், தேவதை இருந்தாள், குரங்கும் இருந்தது. அப்படி ஒரு கிழவர் இல்லை. அப்புறம்தான் வீட்டிலேயே ஒருவர் இருப்பது ஞாபகம் வந்தது.

மாமனார் முப்பத்தைந்து வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். தன் கண்ணுக்குத் தப்பி ஒருவனும் டிக்கெட் இல்லாமல் போனதில்லை என்பது அவர் தினமும் ஒரு தடவையாவது சொல்லும் செய்தி. மாமியார் தையல்காரர். இப்போதும் தெருவில் பாதிப் பேரின் உடுப்பு அவர் கையால்தான் ஆகிறது. தினமும் நாலு மணிக்கு இருவரும் ஜன்னலோர மேஜையில் சதுரங்கம் ஆட உட்காருவார்கள். மாமனாருக்கு வெள்ளைக் காய், எதிரே மாமியாருக்குக் கறுப்பு. ஆட்டம் ஐந்தரை, ஐந்தேமுக்கால் வரை போகும். தோற்றவர் டீ டம்ளர்களோடு மதியப் பாத்திரங்களையும் சேர்த்துக் கழுவ வேண்டும். வாரத்தில் ஐந்து நாள் மாமனார்தான் கழுவினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோதே கண்ணு கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜையருகே மண்டியிட்டாள்.

"மாமா, அத்தையை நேராப் பாத்துக்கிட்டே இருங்க. இமைக்காதீங்க."

"எவ்வளவு நேரம்?"

"நான் சொல்ற வரைக்கும்."

"ராஜா வேஷம்னு சொன்னே இல்ல? நாள் பூரா இமைக்க மாட்டேன், எடு."

எதிரே இருந்த மாமியார் டம்ளரைக் கையில் எடுத்தபடி, "நாப்பத்திரண்டு வருஷத்துல நான் சொல்லி ஒரு வேலைக்கும் இவரு இப்படி அசையாம உட்கார்ந்ததில்ல" என்றார்.

ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் நன்றாக விழுந்தது. பதினெட்டுப் படம் எடுத்தாள்.

மறுநாள் அலுவலகத்தில் படங்களைத் திறந்தபோது அவளுக்கு வாயெல்லாம் பல். வயதானவர்களுக்குக் கருவிழியைச் சுற்றி வரும் சாம்பல் வெள்ளை வளையம் மாமனாருக்கு அச்சடித்த மாதிரி இருந்தது. ஆனால் படத்தை அப்படியே பயன்படுத்த முடியாது. விழி என்பது ஈரமான கண்ணாடி. எதிரே இருப்பதெல்லாம் அதில் தெரியும். ஜன்னல், கேமரா, சுவர்க் கடிகாரம் எல்லாவற்றையும் துடைத்து எடுத்துவிட்டுத்தான் தீட்ட வேண்டும். முன்பு ஒரு படத்தில் அப்படித் துடைக்க மறந்துபோய், நடுக்கடலில் நீந்தும் மீனின் கண்ணில் அலுவலகத்து டியூப்லைட் தெரிந்தது. நல்லவேளை, யாரும் கவனிக்கவில்லை.

பதினொன்றாவது படத்தைப் பெரிதாக்கித் துடைத்துக்கொண்டு வந்தவள், கருவிழியின் நடுவில் நின்றுவிட்டாள்.

"பல்லு, இங்க வாங்களேன்."

பல்லு வாயில் வைத்திருந்த பிஸ்கட்டோடு வந்தார். "என்ன, கண்ணுல பூ விழுந்திருக்கா?"

"இது என்னன்னு சொல்லுங்க."

பல்லு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். "கை."

"யாரு கை?"

"எனக்கு எப்படித் தெரியும், உங்க வீட்டுக் கை. சதுரங்கப் பலகை மாதிரி இருக்கு. கையில ஒரு வெள்ளைக் காய் இருக்கு. உன் மாமியார் ஆடுறது கறுப்புன்னு சொன்னே?"

"ஆமா."

"அப்ப அவங்க கையில வெள்ளைக்கு என்ன வேலை?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் பல்லுவுக்குப் பிஸ்கட் புரையேறி, தோலு வந்து முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. தெருவே மெச்சும் மாமியார், வெட்டி மிஞ்சிய துண்டுத் துணியைக்கூட மறக்காமல் திருப்பிக் கொடுக்கும் மாமியார், எதிரே புருஷன் இமைக்காமல் உட்கார்ந்திருக்கும்போதே அவருடைய காயை அபேஸ் பண்ணியிருக்கிறார்! அதைவிட வேடிக்கை, அது தெரிவது அந்தப் புருஷனின் கண்ணிலேயே. அப்படியானால் அவர் அதைப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு ஏன் ஒன்றும் சொல்லவில்லை?

அன்று சாயங்காலம் மாமனார் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது கண்ணு பக்கத்தில் போய்த் துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டாள்.

"மாமா, ஒண்ணு கேக்கணும். அத்தை ஆட்டத்துல..."

மாமனார் குழாயைப் பாதியாக அடைத்தார். கூடத்தின் பக்கம் எட்டிப் பார்த்தார். "திருடுறாளா?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"முப்பத்தஞ்சு வருஷம் டிக்கெட் பார்த்தவன்மா நான். கக்கூஸ்ல ஒளிஞ்சவனை வாசனையில கண்டுபிடிச்சவன்."

"அப்புறம் ஏன் ஒண்ணும் கேக்கல?"

"கேட்டா நிறுத்திடுவா. நிறுத்தினா தோத்துடுவா. தோத்துட்டா மூணு நாளைக்குச் சாப்பாட்டுல உப்பு இருக்காது." டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "போகட்டும்மா. சின்னச் சந்தோஷம். அவ கை பலகை மேல வர்றது தெரிஞ்சா நான் ஜன்னலைப் பார்த்துடுவேன். என்னத்தை எடுக்குறான்னுகூடப் பார்க்க மாட்டேன். அது மரியாதை இல்ல."

இதைச் சொல்லும்போது அவர் கண்ணில் ஒன்று நடந்தது. கீழ் இமை ஒரு மயிரிழை மேலே ஏறியது. அதில் தேங்கியிருந்த ஈரம் வெளிச்சத்தை வாங்கி மினுங்கியது. கண் சிரித்தது, முகம் சிரிக்கவில்லை. கண்ணுவுக்குக் கையில் இருந்த டம்ளரைப் போட்டுவிட்டுக் கேமராவுக்கு ஓடத் தோன்றியது. கேமரா அலுவலகத்தில் இருந்தது.

"மாமா, இதே பார்வை எனக்கு வேணும். வர்ற ஞாயித்துக்கிழமை அத்தை கை வைக்கிற நேரம் பார்த்து நான் எடுக்கணும்."

"அவளுக்குத் தெரியாமலா?" மாமனாருக்கு உற்சாகம் பிடிபடவில்லை. "கை வைக்க நான் இடம் கொடுக்குறேன். நீ தயாரா இரு."

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மாமியார் தலை வாரி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கண்ணு மேஜையோரம் மண்டியிட்டாள்.

நாலைந்து நகர்த்தல் ஆனதும் மாமனாருக்கு இருமல் வந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு ஒரு நிமிஷம் முழுக்க இருமினார். மாமியாரின் கைகள் மடியில் இருந்தன. கொஞ்சம் பொறுத்து மாமனார் தண்ணீர் குடிக்க எழுந்து போனார். திரும்பி வருவதை அறிவிக்க டம்ளரை இரண்டு முறை தட்டிவிட்டு வந்தார். மாமியார் கன்னத்தில் கையூன்றி உட்கார்ந்திருந்தார். மூன்றாவது முறை மாமனார் ஜன்னலைக் காட்டி, "அட, காக்கா பாரு!" என்றார். காக்கா ஒன்றும் இல்லை. மாமியார் திரும்பிக்கூடப் பார்க்காமல் கறுப்பு ராணியை இரண்டு கட்டம் தள்ளி வைத்தார்.

"ராஜாவுக்கு வழி இல்லைங்க."

மணி நாலு பதிமூன்று.

மாமனார் பலகையை இந்தப் பக்கத்திலிருந்து ஒரு முறை பார்த்தார். எழுந்து போய் மனைவியின் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு முறை பார்த்தார். "இன்னொரு ஆட்டம்" என்றார். அது பதினோரு நிமிஷத்தில் முடிந்தது. அவர் கண்கள் அகலத் திறந்தபடி, இமைக்கச் சொன்னாலும் இமைக்காது என்கிற மாதிரி நின்றன. கண்ணு பழக்க தோஷத்தில் இரண்டு படம் எடுத்துவிட்டாள். ராஜாவுக்கு அது உதவாது. யானை மிதித்துவிட்டுப் போன பிறகு எழுந்து உட்காரும் ஆளின் கண் அது.

அன்று பாத்திரம் கழுவும் சத்தமே வரவில்லை. சாயங்காலம் முழுக்க மாமனார் செய்தித்தாளின் ஒரே பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பாவுக்கு என்ன?" என்றான் கணவன்.

"காக்கா வரலைன்னு வருத்தம்" என்றாள் கண்ணு.

மறுநாள் காலை அவள் அலுவலகத்துக்குக் கிளம்பும்போது மாமியார் தையல் மெஷினில் இருந்தார். ஜன்னலை ஒட்டிப் போட்டிருந்த மெஷின். தலை நிமிராமலே கேட்டார்.

"நேத்து எதுக்கும்மா கேமரா?"

"மாமா கண்ணு எடுக்க, அத்தை."

"அவரு கண்ணைத்தான் போன வாரமே எடுத்துட்டியே. பதினெட்டுப் படம். சத்தத்தை எண்ணினேன்." நூலைப் பல்லால் அறுத்தார். "அவரு தண்ணி குடிக்கப் போயி டம்ளரைத் தட்டுறாரு. நீ இங்க மூச்சைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருக்க. நாடகம் போடுறதுன்னா ரெண்டு பேரும் ஒத்திகை பார்த்துட்டுப் போடணும்."

இனி மறைத்துப் பயனில்லை என்று கண்ணு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மாமனாரின் விழியில் கை தெரிந்ததையும், கையில் வெள்ளைக் காய் தெரிந்ததையும் சொன்னாள். பல்லுவுக்குப் புரையேறியதை மட்டும் விட்டுவிட்டாள்.

"மன்னிச்சிடுங்க அத்தை. நீங்க காயை எடுக்குறதை நான் யார்கிட்டயும்..."

மாமியார் மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

"யாரு எடுத்தா? வெச்சேன்."

"என்னது?"

"நான் வெட்டின அவரு குதிரையைத் திரும்ப எடுத்து வெச்சேன். நேரா ஆடினா என்ன ஆகும்னு நேத்து பாத்தியா? பதிமூணு நிமிஷம். நாலே காலுக்கு ஆட்டம் முடிஞ்சா, படுக்கிற வரைக்கும் அந்த மனுஷனை வெச்சிக்கிட்டு நான் என்ன பண்றது? ரயில் கதையை எத்தனை தடவை கேக்குறது? அதான், குதிரை போனா குதிரையை வெப்பேன். யானை மாட்டிக்கிற மாதிரி இருந்தா ஒரு கட்டம் தள்ளி வெப்பேன். இழுத்துப் பிடிச்சு அஞ்சரை வரைக்கும் கொண்டு போயிடுவேன். வாரத்துல ரெண்டு நாள் அவரையே ஜெயிக்கவும் விடுவேன்."

"நீங்க திருடுறதா நினைச்சு அவரு..."

"ஜன்னலைப் பாப்பாரு. பெருந்தன்மையா." மாமியார் உதட்டை மடித்துக்கொண்டார். "அவருக்குத் தெரியும்கிறது எனக்குத் தெரியும்கிறது அவருக்குத் தெரியாது."

காலை வெயில் மெஷின் பலகையில் பட்டு அவர் முகத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது. கண்ணு அந்தக் கண்ணை முதன்முதலாகப் பார்ப்பவள் மாதிரி பார்த்தாள். பத்து வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறாள். உலகத்துக் கண்களையெல்லாம் எடுத்தவள், எப்போதும் துணிமேல் குனிந்திருக்கும் இந்த ஒரு ஜோடியை மட்டும் எடுத்ததில்லை. சாம்பல் வளையம் இருந்தது. இடது கருவிழியில், கீழே, ஊசிமுனையில் தொட்டு வைத்தது போல ஒரு பழுப்புப் புள்ளி. கீழ் இமை ஒரு மயிரிழை மேலே ஏறியிருந்தது. ஈரம் மினுங்கியது. மாமனாரிடம் பார்த்தது இதற்கு முன்னால் எங்கே! இவர் பார்க்கிறவர், பார்க்கவில்லை என்று நம்ப வைக்கிறவர், அதற்கு மேலும் ஒரு படி போனவர்.

"அத்தை, கண்ணாடியை மட்டும் கழட்டிட்டு அப்படியே இருங்க. தலையை அசைக்காதீங்க."

"எதுக்கு?"

"மாமாகிட்ட எதைச் சொல்லக் கூடாதோ, அதை நினைச்சுக்கோங்க."

"எதைன்னு நினைக்கிறது, நெறைய இருக்கே" என்றார் மாமியார். கேமரா படபடவென்று அடித்தது.

அலுவலகத்துக்குப் போனதும் முதல் வேலையாகப் பழைய படங்களில் பத்தாவதையும் பன்னிரண்டாவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பத்தில், மாமனாரின் விழிக்குள் தெரிந்த பலகையில் வெள்ளைக் குதிரை ஒன்று. பன்னிரண்டில் இரண்டு. இடையில் இருந்த பதினொன்றில்தான் கை.

பல்லு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "திருடியைப் பிடிச்சிட்டோம்னு சிரிச்சோமே, கண்ணு."

"நீங்கதான் சிரிச்சீங்க. நான் உங்க முதுகைப் பாத்துக்கிட்டிருந்தேன்."

ஒன்பது நாள் அவள் வேறு எந்த வேலையும் செய்யவில்லை. ஜன்னலைத் துடைத்தாள், மெஷினைத் துடைத்தாள், தன்னையும் துடைத்தாள். இழை இழையாகத் தீட்டினாள். பழுப்புப் புள்ளியை எடுத்துவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு அப்படியே விட்டாள். கீழ் இமை எவ்வளவு உயர வேண்டும் என்று தோலுவோடு இரண்டு முறை சண்டை போட்டாள். முடி வந்து நாலு நரைத்த இமைமயிர் வைத்துக் கொடுத்தாள்.

இயக்குநர் வந்தார். வழக்கம்போல் திரைக்கு ஓரடியில் மூக்கை வைத்தார். ராஜா பாதிக் கண்ணைத் திறந்தார். இயக்குநர் கொஞ்சம் பின்னால் நகர்ந்தார். பிறகு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தோளில் நழுவியிருந்த துணியைச் சரிசெய்துகொண்டார்.

"இவரு முன்னாடி நான் பொய் சொல்ல மாட்டேன்ம்மா" என்றார். "யாரு கண்ணு இது?"

"வீட்டுல ஒருத்தங்க."

"அவங்களோட எப்படிக் குடித்தனம் பண்ற?"

மாமனாரின் அகலத் திறந்த கண்ணும் வீண்போகவில்லை. எல்லாத் திருட்டையும் ராஜா ஒரே நாளில் போட்டு உடைக்கும் காட்சியில் திகைத்து நிற்கும் சேனாதிபதிக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது.

வீட்டில் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அன்று சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றும் முன்பே மாமனார் கேட்டுவிட்டார்.

"என்னம்மா, என் கண்ணு தேறிச்சா?"

கண்ணு வாயைத் திறந்தாள். பலகைக்கு அந்தப் பக்கமிருந்து மாமியார் முந்திக்கொண்டார். "தேறாம? உங்க கண்ணாச்சே! முப்பத்தஞ்சு வருஷம் டிக்கெட் பார்த்த கண்ணு."

மணி ஆறடிக்கப் போகிறது, ஆட்டம் இன்னும் நடந்துகொண்டிருந்தது. வெள்ளைக்கு இரண்டு குதிரைகளும் இருந்தன. மாமனார் மனசு நிறைந்து சிப்பாயை நகர்த்தினார். கண்ணு செருப்பைக் கழற்றினாள்.

படம் வெளிவந்த அன்று குடும்பமே தியேட்டருக்குப் போனது. மாமனார் காலை நடையில் பழக்கமான ஐந்து பேரையும் கூட்டி வந்திருந்தார். ஐந்து பேருக்கும் ராஜா யாருடைய கண்ணால் பார்க்கிறார் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தது. ராஜா முதன்முதலாகக் கண் திறந்த காட்சியில், அந்தக் கண் சுவர் அகலத்துக்கு எழுந்து நின்றது. இடது கருவிழியில், கீழே, அந்தப் பழுப்புப் புள்ளி, இப்போது ஒரு தட்டு அளவுக்கு.

இருட்டில் மாமியாரின் கை வந்து கண்ணுவின் மணிக்கட்டைப் பிடித்தது. கொஞ்ச நேரம் பிடித்தபடியே இருந்தது. பிறகு ஒரு கிள்ளு. நல்ல தையல்காரக் கிள்ளு.

"படுபாவி" என்று மெல்லச் சொன்னார். "என்னைக் கேட்டியா?"

"கேட்டா விட்டிருப்பீங்களா?"

"மாட்டேன்." அடுத்த காட்சி வரும்வரை கையை எடுக்கவில்லை. "புள்ளி அழகாத்தான் இருக்கு, இல்ல?"

அந்தப் பக்கத்திலிருந்து மாமனாரின் குரல் மூன்று வரிசைக்குக் கேட்டது. "பாத்தியா? என் கண்ணு! அச்சு அசல்!"

"அப்படியே உங்க கண்ணுதாங்க" என்றார் மாமியார்.

சேனாதிபதி திகைத்து நின்றபோது ஐவரில் ஒருவர், "இந்தாளைக்கூட எங்கேயோ பாத்த மாதிரி இருக்கே" என்றார். மாமனார் அதைக் காதில் வாங்கவில்லை.

படம் முடிந்து எல்லோரும் வெளியே வந்தார்கள். கணவன் வண்டி எடுக்கப் போனான்; மாமியார் முகம் கழுவப் போனார். வாசலில் ராஜாவின் பெரிய படம் ஒட்டியிருந்தது. மாமனார் அதன் அடியில், படம் பார்க்கப் போட்டிருந்த மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு நின்று, வருகிறவர்கள் போகிறவர்களுக்கெல்லாம் முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் மருமகளைப் பக்கத்தில் வரும்படி தலையசைத்தார்.

"ஏம்மா, அந்தப் புள்ளியைத் துடைச்சிருக்கலாமே. யாராவது கண்டுபிடிச்சிட்டா?"

கண்ணுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மாமா!"

"நாப்பத்திரண்டு வருஷமா அந்தக் கண்ணுக்கு எதிர்லதான் டீ குடிக்கிறேன். எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் எல்லார்கிட்டயும் உங்க கண்ணுன்னு..."

"அவ அப்படித்தானே சொன்னா. அவ சொல்றதை நான் என்னைக்கு மறுத்துப் பேசினேன்?"

கண்ணு அவரையே பார்த்தாள். அப்படியானால் வேறென்னவெல்லாம் தெரியும் இவருக்கு? குதிரை திரும்பி வந்ததும் தெரியுமா? கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தாள். மாமனாரின் முகத்தில், ரயில் பெட்டிக்குள் நுழையும் பரிசோதகரின் முகம் போல, ஒன்றுமே எழுதியிருக்கவில்லை.

"மாமா, அந்தச் சதுரங்கத்துல..."

"உஸ், அவ வர்றா" என்று அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி மாமியார் வந்து, இருவரையும் சந்தேகமாகப் பார்த்தார். "என்ன ரகசியம்?"

"ரகசியமா? ஒண்ணுமில்ல. அடுத்த படத்துக்கும் என் கண்ணுதான் வேணுமாம். யோசிச்சுச் சொல்றேன்னேன்" என்று சொல்லிவிட்டு, மாமனார் கண்ணாடியை மறுபடி கழற்றிக்கொண்டு, படியேறி வந்த அடுத்த காட்சிக் கூட்டத்தின் பக்கம் நடந்தார்.